எளியவரும் வல்லவரும் ஒரு களத்தில்



ஆனி, ஆடி மாதங்களில் சாரல் தூறும்போது தென்காசிப் பக்கம் வந்தவர்கள் குற்றாலத்து ஐந்தருவியைக் கண்டிருப்பீர்கள். மலையினின்று இறங்கி வரும் ஒரே நீர், பாறையின் விளிம்பை அடைந்ததும் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. ஐந்தும் ஒரே வேகத்தில் விழுவதில்லை. ஒரு கிளையின் கீழ் நின்றால் முதுகில் மத்தளம் கொட்டுவது போலிருக்கும். மற்றொன்றின் ஓரத்தில் தாய் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அச்சமின்றி நிற்பாள். தோள் வலிமை மிக்க இளைஞனும், அருவியை முதன்முறையாகக் காணும் குழந்தையும் ஒரே நாளில் ஒரே நீரில் குளித்து, மனநிறைவோடு கரையேறுகிறார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அருவியன்று. திரையில் ஆடும் சண்டை விளையாட்டுகள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியனுக்கும் இந்தப் பொருளுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். தொடர்பை உண்டாக்கியவர்கள் என் பேரப்பிள்ளைகள்.

கடந்த சாரற் காலத்தில் அவ்விருவரையும் ஐந்தருவிக்கு அழைத்துச் சென்றேன். பேரன் கல்லூரியில் படிப்பவன். பேத்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. அன்று நீர் பெருகி வந்தமையால் குளிக்கத் தடை விதித்துவிட்டார்கள். ஏமாற்றத்தோடு வீடு திரும்பிய இருவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ என்னும் சண்டை விளையாட்டைத் தொடங்கினார்கள். அரை மணி நேரத்துக்குள் திரையில் நடந்த சண்டை திண்ணைக்கு வந்துவிட்டது.

“தாத்தா, இவள் ஆடுவது ஆட்டமே அன்று. பள்ளிக்கூட நாளிலிருந்து நான் பழகிய அடியை இவள் ஒரே பொத்தானை அழுத்தி அடித்துவிடுகிறாள்” என்றான் பேரன்.

“அதுவும் ஆட்டத்தில் உள்ள முறைதானே தாத்தா? தோற்கும்போது மட்டும் அண்ணனுக்கு அது குறையாகத் தெரிகிறது” என்றாள் பேத்தி.

பல்லாண்டுகள் பள்ளிக்கூடத்து வழக்குகளைத் தீர்த்தவன் நான். ஆயினும் வழக்கின் தன்மையை அறியாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று. எனவே இருவரையும் எனக்குப் பாடம் நடத்தும்படி கேட்டேன். அவர்களிடம் கற்றதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஜப்பான் நாட்டுக் காப்காம் நிறுவனம் 1987 இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ விளையாட்டை வெளியிட்டது. 1991 இல் வந்த அதன் இரண்டாம் பாகமே உலகெங்கும் பரவியது. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் உயிர்க்கோட்டை மற்றவர் குறைப்பது இதன் அமைப்பு. எளிய குத்துக்கும் உதைக்கும் ஒரு பொத்தான் போதும். சிறப்பான அடிகளுக்கோ விரல்களால் ஒரு கோலம் போட வேண்டும். கையிலிருந்து நெருப்புப் பந்து போன்ற ஒளியை வீசுவதற்குத் திசைக்கோலைக் கீழே அழுத்தி, மூலைக்குச் சாய்த்து, முன்னே தள்ளி, அந்தக் கணமே குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். தாவி வரும் எதிரியை மேல்நோக்கிக் குத்தி வீழ்த்துவதற்கு வேறொரு கோலம். திரையில் ஒரு விநாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. தேர்ந்தவர்கள் அந்தப் படக் கணக்கிலேயே நேரத்தை அளக்கிறார்கள்.

இவ்விளையாட்டின் வரலாற்றில் சுவையான செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் பாகத்தைச் சோதித்துப் பார்த்தபோது, ஓர் அடி முடியுமுன்னே அடுத்த அடியைத் தொடுத்து, எதிரி தடுக்க இயலாதவாறு சங்கிலியாக்க முடிவதை உருவாக்கியவர்கள் கண்டார்கள். அது அவர்கள் திட்டமிட்டது அன்று. எவராலும் எளிதில் செய்ய இயலாது என்று எண்ணி அதனை அப்படியே விட்டுவிட்டார்கள். நாளடைவில் அந்தத் தொடர் அடியே சண்டை விளையாட்டுகள் அனைத்துக்கும் உயிர்நாடியாயிற்று. சிலர் மாதக்கணக்கில் அதனைப் பயின்று வல்லவரானார்கள். பலர் இரண்டு நாள் பொத்தான்களைத் தட்டிப் பார்த்து, தோற்று, ஒதுங்கிக்கொண்டார்கள். பொழுதுபோக்குக்கு ஆடுபவர், பந்தயத்துக்கு ஆடுபவர் என இரு சாரார் தோன்றியது இவ்வாறே.

முன்னவர் வேண்டுவது, அமர்ந்த சிறு பொழுதிலேயே மகிழ்ச்சி. பின்னவர் வேண்டுவது, உழைப்புக்கு ஏற்ற மதிப்பு. இரண்டு வேண்டுகோளும் நியாயமானவை. ஆனால் ஒன்றை முழுதும் நிறைவேற்றினால் மற்றது அடிபடுகிறது. இதனைக் கேட்டவுடன் எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. அது என் தவறு ஒன்றைப் பற்றியது, சொல்லத் தயங்கவில்லை.

நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில் சிலம்பப் பயிற்சி நடந்துவந்தது. முதலாண்டு விளையாட்டு விழாவில், கம்பு எடுத்த மாணவர்கள் அனைவரையும் ஒரே போட்டியில் நிறுத்தினேன். பாகுபாடு கூடாது என்பது என் எண்ணம். பயிற்சிக்கு வந்து ஒரு மாதமே ஆன ஒரு சிறுவன், ஐந்தாண்டு பயின்ற மாணவனுக்கு எதிரே நின்றான். மூன்றாம் வீச்சில் சிறுவனின் கம்பு கையைவிட்டுப் பறந்தது. கூட்டம் சிரித்தது. மறுநாள் முதல் அவன் பயிற்சிக்கு வரவில்லை. அவனைத் தோற்கடித்தது எதிரே நின்ற மாணவன் அல்லன். நான் வகுத்த விதி.

அத்தவற்றைத் திருத்தப் போய் மறு ஆண்டு இன்னொரு தவறு செய்தேன். வெற்றி தோல்வியே வேண்டாம், கம்பு சுற்றிய எல்லாருக்கும் ஒரே பரிசு என்று அறிவித்தேன். புதியவர்கள் மகிழ்ந்தார்கள். ஐந்தாண்டு பயின்றவனோ பரிசை வாங்கிக்கொண்டு, “ஐயா, இனி நான் எதற்காகப் பழக வேண்டும்?” என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை. அவனும் விலகிவிட்டான். இரண்டு விழாக்களில் இரண்டு மாணவர்களை இழந்தேன். ஒருவன் எளியவன், மற்றவன் வல்லவன்.

மாணவர்களே, நான் ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் செய்த அதே இரண்டு தவறுகளை உலகப் புகழ்பெற்ற விளையாட்டு நிறுவனங்களும் செய்திருக்கின்றன என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சற்றே ஆறுதல் உண்டாயிற்று.

2016 இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஐந்தாம் பாகம் வெளிவந்தது. பந்தய வீரர்களையே பெரிதும் மனத்திற்கொண்டு அதனை வெளியிட்டார்கள். இயந்திரத்தோடு தனியே ஆடிப் படிப்படியாக முன்னேறும் வழக்கமான பகுதிகூட அதில் இல்லை. வீட்டில் ஓய்வாக ஆட விரும்பி வாங்கியவர்கள், தமக்குரிய இடம் எங்கே என்று கேட்டார்கள். அக்குறையை நிறைவு செய்யும் பதிப்பு 2018 சனவரியில்தான் வந்தது. இது என் முதலாண்டுத் தவறு.

நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ வரலாறு வேறுவிதம். அதனை வகுத்த மசாஹிரோ சகுராய், புதியவரும் எளிதில் ஆட வேண்டும் என்னும் கொள்கையுடையவர். ஆயினும் 2001 இல் வந்த ‘மெலீ’ என்னும் பாகத்தில் வல்லவர்கள் எவரும் எதிர்பாராத நுட்பங்களைக் கண்டெடுத்தார்கள். அது புதியவர்க்குக் கடினமாகிவிட்டது என்று கருதிய அவர், 2008 இல் வந்த அடுத்த பாகத்தில் வேகத்தைக் குறைத்தார். ஓடத் தொடங்கும் பாத்திரம் எவ்விதக் காரணமும் இன்றி எப்போதாவது இடறி விழும்படியும் செய்தார். திறமைக்கும் தற்செயலுக்கும் உள்ள இடைவெளி குறைந்தது. பந்தய வீரர்களில் பலர் அப்பாகத்தை விட்டு, பழைய ‘மெலீ’க்கே திரும்பினார்கள், இன்றும் அதில் பந்தயங்கள் நடக்கின்றன. 2014 இல் வந்த பாகத்தில் இடறி விழும் ஏற்பாடு நீக்கப்பட்டது. இது என் இரண்டாமாண்டுத் தவறு.

ஐந்தருவியில் பெருவெள்ளம் பாயும் நாளில் எவரும் குளிக்க முடியாது. கோடை முற்றிப் பாறை காய்ந்த நாளிலோ குளிக்க எவரும் வருவதில்லை. விளையாட்டுக்கும் இவ்விரண்டும் கேடு. அளவாக நீர் விழுந்து, நிற்பதற்கு வெவ்வேறு இடங்களும் இருக்கும்போதுதான் கூட்டம் நிறைகிறது.

அப்படியாயின் நடுவழி யாது? மூன்றாம் ஆண்டு எனக்கு அதனைக் காட்டியவர் எங்கள் சிலம்ப ஆசான். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆனால் ஆசிரியப் பயிற்சியில் நான் கற்றதைவிட அதிகம் அறிந்தவர். அவர் மூன்று ஏற்பாடுகள் சொன்னார். புதியவர்கள் காலடியையும் வீச்சையும் தனியே ஆடிக் காட்டட்டும். அதற்குத் தனி மதிப்பெண். மோதல் என்று வரும்போது பயிற்சி ஆண்டுகள் ஒத்தவர்களே எதிரெதிரே நிற்கட்டும். பெரியவனும் சிறியவனும் மோத விரும்பினால், பெரியவன் தடுக்க மட்டுமே செய்யலாம். குறித்த நேரத்துக்குள் சிறியவனின் கம்பு ஒரு முறை அவன்மீது பட்டாலும் சிறியவனுக்கே வெற்றி. இந்த விதியைக் கூட்டத்துக்கு முன்பே உரக்கச் சொல்லிவிட வேண்டும்.

அவ்வாண்டு விழாவில் சிரிப்பொலி எழவில்லை, கைத்தட்டல்தான் எழுந்தது. ஒருமுறைகூடக் கம்பு படாமல் நின்ற பெரியவனுக்கும் பெருமை. ஒருமுறை தொட்டுவிட்ட சிறியவனுக்கும் பெருமை. விலகிப்போன இருவரில் மூத்தவன் திரும்பி வந்தான். சிறுவன் வரவேயில்லை; அந்தக் குறை இன்றும் என் நெஞ்சில் உண்டு.

2023 சூன் மாதம் வெளியான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆறாம் பாகத்தில் ஆசானின் மூன்று ஏற்பாடுகளையும் வேறு உருவில் கண்டேன்.

முதலாவது, பல வாயில்கள். இவ்விளையாட்டில் ஆடும் முறைகள் மூன்று. பழைய முறையில் விரற்கோலங்களைப் போட்டே தீர வேண்டும். புதிய முறையில் ஒரு திசையும் ஒரு பொத்தானும் சேர்ந்தால் சிறப்படி பிறக்கும். மூன்றாவது முறையில் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் தக்க அடியை இயந்திரமே தேர்ந்தெடுக்கும். ஆனால் அது வீட்டுக்குள் ஆடுவதற்கு மட்டும், இணையவழிப் போட்டிக்கு அன்று. தனியே ஆட விரும்புவோர்க்கு ஊர் சுற்றிக் குருமார்களைச் சந்தித்துக் கற்கும் ஒரு நெடுங்கதையும் உண்டு.

இரண்டாவது, எளிமைக்கு வெளிப்படையான விலை. புதிய முறையில் ஒரே பொத்தானால் பிறக்கும் சிறப்படி, எதிரியின் உயிர்க்கோட்டை 20 விழுக்காடு குறைவாகவே பாதிக்கும். பழைய முறையில் உள்ள சில குத்துகளும் உதைகளும் புதிய முறையில் இல்லை. ஆயினும் புதிய முறையில் ஆடுபவர் விரற்கோலத்தைக் கற்றுப் போட்டால் முழு வலிமையும் கிடைக்கும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அத்தகைய படிக்கட்டு இங்கே வாயிலிலேயே அமைந்திருக்கிறது.

மூன்றாவது, ஒத்தவரோடு ஒத்தவர். சதுரங்க ஆட்டக்காரரின் வலிமையை எண்ணால் அளக்கும் முறையை அர்பாத் ஈலோ என்னும் அறிஞர் வகுத்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதனை 1970 இல் ஏற்றது. அக்கருத்தின் வழிவந்த கணக்குகளே இன்று திரை விளையாட்டுகளில் இணைகளைப் பொருத்துகின்றன. இவ்விளையாட்டில் புதியவர் நிலை, இரும்பு, வெண்கலம், வெள்ளி, பொன் என்று தொடங்கி வல்லுநர் நிலைவரை படிகள் உண்டு. பாதிக்குப் பாதி வெற்றி கிட்டும் இடத்தில்தான் மனிதன் மகிழ்ந்தும் கற்றும் ஆடுகிறான்.

இவை வல்லவரைத் தாழ்த்திவிடவில்லை. சீனத்தின் ஹாங்சோ நகரில் 2023 இல் நடைபெற்ற ஆசிய விளையாட்டுகளில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஐந்தாம் பாகம் பதக்கப் போட்டியாக இருந்தது. தங்கம் வென்ற தென்கொரியர் கிம் குவான் வூவுக்கு அப்போது வயது 44. விரல் வேகத்தைக் காட்டிலும் கணிப்பும் பொறுமையும் நெடுங்காலம் நிற்பவை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. 2019 இல் ‘டெக்கன்’ என்னும் சண்டை விளையாட்டில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பெரும் பந்தயங்களை வென்றவர், அர்ஸ்லான் ஆஷ் என்று அறியப்படும் லாகூர் இளைஞர். அவர் தம் ஊர் ஆட்டக்காரர்களோடு ஆடிப் பழகியே அந்நிலையை எய்தினார். எளியவர் கூட்டம் என்னும் வயலில்தான் வல்லவன் என்னும் கதிர் விளைகிறது. வயலை வெறுக்கும் கதிர் எங்கே நிற்கும்?

இனி என் வீட்டு வழக்குக்கு வருகிறேன்.

பேரனின் குறையில் உண்மை உண்டு. தாவி வரும் எதிரியை மேல்நோக்கிக் குத்த அவன் ஒரு கோலம் போட வேண்டும். கண்ணிமைக்கும் நேரம் பிசகினாலும் அடி வாங்குவான். பேத்தி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 20 விழுக்காட்டுக் குறைவு அதற்கு ஈடாகுமா என்று தேர்ந்த ஆட்டக்காரர்களே வாதிடுகிறார்கள். ஆகவே அவன் கூற்றைப் பொறாமை என்று தள்ளிவிடவில்லை. நடந்து முடிந்த ஆட்டத்தைத் திரும்பக் காணும் வசதி அவ்விளையாட்டில் இருந்தது. அதனைப் போடச் சொல்லி, “நீ எத்தனை முறை தாவினாய்? எண்ணு” என்றேன். எண்ணினான். ஒரே ஆட்டத்தில் பதினொரு முறை தாவியிருந்தான். ஒன்பது முறை ஒரே தொலைவிலிருந்து.

“தம்பி, அவளை வெல்ல வைத்தது பொத்தான் பாதி, உன் பழக்கம் பாதி” என்றேன்.

அவன் முகம் சிவந்தது. ஆனால் நல்ல மாணவன்; மறு ஆட்டத்தில் தாவுவதைக் குறைத்துக்கொண்டு தரையிலேயே நெருங்கினான். அவள் திணறினாள். ஆட்டங்கள் மாறி மாறி முடிந்தன.

பேத்திக்கும் ஒன்று சொன்னேன். “அம்மா, வாயிலில் நுழைய எளிய வழி இருந்தது, நுழைந்துவிட்டாய். நன்று. ஆனால் வாயிற்படியிலேயே உட்கார்ந்துவிடாதே. முழு வலிமைக்குரிய அந்தக் கோலத்தை யாரிடம் கற்பாய்?” அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தயக்கத்தோடு, “அண்ணா, அந்தக் கோலத்தைக் கொஞ்சம் காட்டு” என்றாள். அவன் தன் கருவியை அவள் கையில் கொடுத்து, விரலைப் பிடித்துக் காட்டினான். எந்த நீதிமன்றத்திலும் இதனினும் நல்ல சமரசத்தை நான் கண்டதில்லை.

மாணவர்களே, இக்காலத்தில் இவ்விளையாட்டுகளுக்கும் அரங்கம் திறந்துவருகிறது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் நம் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. 2025 இல் பீகாரில் நடந்தபோது மின்விளையாட்டுகள் அவ்வாறே இடம்பெற்றன. அவ்வாண்டே நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டைத் தனியே பிரித்து ஏற்றது. சூதும் விளையாட்டும் வேறு என்பதை நீங்களும் மறவாதீர்கள். பாடநேரமும் ஆட்டநேரமும் வேறு என்பதையும் மறவாதீர்கள்.

விதிகளை வகுப்பது உருவாக்குவோரின் கடமை. ஆனால் எந்த விதியும் எட்டாத ஓர் இடம் உண்டு. அது ஆடுபவரின் உள்ளம். உங்களுள் வல்லவராயிருப்போர், புதியவனைத் தோற்கடித்த பின் ஏன் தோற்றான் என்பதை ஒரு வார்த்தை சொல்லுங்கள். புதியவராயிருப்போர், வல்லவனின் உழைப்பை மதித்து அவன் கற்ற வழியில் ஓர் அடியாவது வையுங்கள். விளையாட்டு மைதானத்தில் மட்டுமன்று. கணக்கு வகுப்பிலும் இசைப் பயிற்சியிலும் நாளை நீங்கள் பணியாற்றப் போகும் இடங்களிலும் இவ்விருவர் எதிரெதிரே நிற்பார்கள். உள்ளே வரும் வழியை எளிதாக்குவதும், உள்ளே இருப்பதன் உயரத்தைக் குறைக்காமல் காப்பதும் ஒருங்கே செய்ய வேண்டிய பணிகள். ஒன்றை மறந்தமையால் ஒரு சிறுவனை நான் இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து வெள்ளம் வடிந்தது, தடையும் நீங்கியது. மூவரும் மீண்டும் ஐந்தருவிக்குச் சென்றோம். பேரன் மத்தளம் கொட்டும் கிளையின் கீழ் போய் நின்றான். பேத்தி பெண்கள் பக்கம் சென்று, முதலில் ஓரத்தில் நின்று, பிறகு மெல்ல மெல்ல நடுவே நகர்ந்ததாகச் சொன்னாள். நான் அறுபது கடந்தவன். எனக்கு ஓரத்துச் சாரலே போதுமானதாயிருந்தது. எங்கள் மூவரையும் நனைத்தது ஒரே மலையின் நீர்தான்.